மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்)

ஓதத் தெரியும், பொருள் தெரியாது. நம்மில் பலருடைய நிலை இதுதான். இக்குறையைப் போக்கப் பாடுபட்ட பெரியார், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள்.

செய்யிது முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட அன்னார், 1816-இல் காயல்பட்டினத்தில் பிறந்தார்கள். கீழக்கரையில் தைக்கா சாஹிபு வலியுல்லாஹ் அவர்களிடம் கல்வி பயின்றார்கள். ஆசிரியர் தம் மகளையே மணமுடித்துக் கொடுத்ததால் 'மாப்பிள்ளை' என்ற பெயர் நிலைத்தது. இமாமுல் அரூஸ் என்னும் அரபிப் பட்டத்தின் கருத்தும் அதுவே.

அக்காலத்தில் நம் பெண்மக்கள் பலர் குர்ஆன் எழுத்தை வாசிப்பார்கள். தமிழ் எழுத்தை அறியார்கள். அவர்களுக்கும் பயன்படும்படி, அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் ஆலிம் அவர்கள் நூல்கள் இயற்றினார்கள். மார்க்கச் சட்டங்களை விளக்கும் 'மகானி' அவற்றுள் புகழ் பெற்றது.

எந்த எழுத்தானால் என்ன என்று கேட்கலாம். உள்நாக்கருகே அடிநாவில் பிறக்கும் காஃபில் தொடங்கும் 'கல்பு' இதயம். மற்றக் காஃபில் தொடங்கினால் நாய்! தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. அரபுத்தமிழில் அந்த மயக்கம் இல்லை. பேரேட்டில் ஒரு சைபர் தவறினால் வரும் நஷ்டத்தை வியாபாரிகளாகிய நாம் அறிவோம். மார்க்கத்தில் பொருள் தவறினால் வரும் நஷ்டம் அதனினும் பெரிதன்றோ?

இலங்கையிலும் தொண்டாற்றிய ஆலிம் அவர்கள் 1898-இல் வபாத்தாகி, கீழக்கரையில் அடங்கியுள்ளார்கள்.

இன்று அரபுத்தமிழை வாசிப்போர் சிலரே. சகோதரர்களே! ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிதாபுகளைக் கழிவுக் காகிதமாக எண்ணிவிடாதீர்கள். பெரியவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, பிள்ளைகளையும் அருகில் இருத்துங்கள்.