சதுரங்க யந்திரத்துக்கு வித்திட்ட ஆலன் டூரிங்

பலகையின்மீது காய்களை வைத்து ஆடும் ஆட்டம் தமிழர்க்குப் புதியதன்று. வல் என்னும் பலகையாட்டினைப் பற்றிச் சங்க நூல்களிலே காண்கின்றோம். பின்னாளிற் பரவிய சதுரங்கமும் நம்மவர் விரும்பி ஆடும் ஆட்டமேயாம். ஆடுதற்கு இருவர் வேண்டும் என்பது அவ்வாட்டத்தின் முதல் விதி. இக்காலத்தில் அவ்விதியும் தளர்ந்துவிட்டது. மின்விசையால் இயங்கும் சதுரங்கப் பலகை ஒன்று மேசைமீது இருப்பின், துணையாள் இல்லாமலே ஒருவன் ஆடலாம். ஆடியதைத் திரும்பவும் ஆராயலாம். இத்தகைய பலகையை வீட்டிற்கு வாங்க விரும்புவோர் அதன் விலையையும் வலிமையையும் முதற்கண் வினவுகின்றனர். அப்பலகைக்கு அறிவு எங்ஙனம் உண்டாயிற்று என்று வினவுவோர் சிலரே. அதனை அறிவோமாயின், எப்பலகை நமக்கு ஏற்றதென்பது தானே விளங்கும். ஆதலின், அவ்வறிவுக்கு வித்திட்டவருள் முதல்வராகிய ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேய அறிஞரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தேன்.

டூரிங்கின் குலவரலாற்றைக் கேட்பின், அவர் நமக்கு முற்றும் அயலார் அல்லர் என்பது புலனாகும். நமது காட்பாடியைத் தாண்டி, தோற்றொழிலாற் பெயர்பெற்ற ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து செல்லும் இருப்புப்பாதை, சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூரை அடைகின்றது. அப்போத்தனூரிலே 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள் எதெல் ஸாரா ஸ்டோனி என்னும் பெண்மணி பிறந்தார். அவர் தந்தையாராகிய எட்வர்டு வாலர் ஸ்டோனி, சென்னை இருப்புப்பாதைக் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர் பதவியை வகித்தவர். துங்கபத்திரைமீது பாலம் அமைத்தவர். ஓசையின்றிச் சுழலும் பங்காச் சக்கரம் ஒன்றையும் புதிதாகக் கண்டவர். எதெல் ஸாராவை மணந்த ஜூலியஸ் மாதிஸன் டூரிங், இந்திய ஸிவில் ஸர்வீஸ் பரீட்சைக்காகத் தமிழ் மொழியைக் கற்றுத் தேறி, 1896-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னை மாகாணத்து உத்தியோகத்தை ஏற்றார். பல்லாரி, கர்நூல் முதலிய ஜில்லாக்களில் அவர் பணியாற்றினார். 1907-ஆம் ஆண்டில் இருவருக்கும் திருமணம் நடைபெற்றது. மூத்த மகனாகிய ஜான், 1908-ஆம் ஆண்டு குன்னூரிற் பிறந்தான். இளைய மகனாகிய ஆலன், 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தான்.

தந்தையார்க்கு உத்தியோகம் இந்தியாவில். பிள்ளைகட்கோ வாழ்க்கை இங்கிலாந்தில். வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிய பெற்றோர், மக்களிருவரையும் ஹேஸ்டிங்ஸ் நகரையடுத்த ஸெயிண்ட் லியோனார்ட்ஸில் ஒரு கர்னலின் குடும்பத்தாரிடம் ஒப்புவித்துவிட்டு மீண்டனர். தாயும் மகனும் கூடியிருந்த காலத்தினும் பிரிந்திருந்த காலமே மிகுதி. தனிமை ஆலனுக்கு இளமையிலேயே பழகிய துணையாயிற்று.

பதின்மூன்று வயதில் ஷெர்போர்ன் என்னும் பள்ளியிற் சேரப் புறப்பட்டபோது நிகழ்ந்த ஒன்று அவர் இயல்பை நன்கு காட்டும். 1926-ஆம் ஆண்டு மே மாதம் அது. கப்பலினின்று ஸதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கிய நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், புகைவண்டிகள் ஓடவில்லை. சிறுவன் திகைத்து நிற்கவில்லை. தன் சைக்கிளில் ஏறி, வழியில் ஓரிரவு தங்கி, ஏறத்தாழ 60 மைல் தூரத்தைக் கடந்து பள்ளியை அடைந்தான். அப்பள்ளியிலே கிறிஸ்டபர் மார்க்கம் என்னும் மாணவன் அவனுக்கு உயிர்த்தோழனாக வாய்த்தான். இருவரும் கணிதமும் வானநூலும் பேசி மகிழ்ந்தனர். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மார்க்கம் நோயால் இறந்தான். மனிதன் இறந்தபின் அவன் மனம் யாதாகின்றது, மனம் என்பதுதான் யாது என்னும் வினாக்கள் அன்றுமுதல் ஆலனைவிட்டு அகலவேயில்லை.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிங்ஸ் கல்லூரியிற் கற்று, 1935-ஆம் ஆண்டில் 22 வயதிலேயே அக்கல்லூரியின் பெல்லோவாக அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு அவர் எழுதிய கணிதக் கட்டுரை ஒன்று உலகின் போக்கையே மாற்றியது. நீண்ட நாடா ஒன்றன்மீது குறிகளை எழுதியும் அழித்தும் செல்லும் ஓர் எளிய யந்திரத்தை அவர் மனத்தகத்தே கற்பித்தார். விதிகளை முறையாக எழுதிக்கொடுப்பின், அத்தகைய ஒரே யந்திரம் எவ்வகைக் கணக்கையும் செய்யும் என்று அதில் நிறுவினார். வேலைக்கொரு யந்திரம் வேண்டியதில்லை. விதிகளை மாற்றினாற் போதும். இந்நாளில் ஒரே கருவி கடிதமும் எழுதிக் கணக்கும் பார்த்துச் சதுரங்கமும் ஆடுவது இக்கொள்கையினாலேயாம்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரிட்டன் போரை அறிவித்த மறுநாளே டூரிங், பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் இயங்கிய மறைமொழி நிலையத்துக்குச் சென்றார். ஜெர்மானியர் தம் கட்டளைகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பினர். போலந்து நாட்டுக் கணிதர்கள் அம்மறையின் திறவுகோலை முன்னரே ஓரளவு கண்டிருந்தனர். அதன்மேற் சென்று, மறையை விடுவிக்கும் பெரும் பொறியொன்றை டூரிங் வகுத்தார். ஜெர்மானியக் கடற்படையின் மறைமொழியை உடைக்கும் பகுதிக்கு அவரே தலைவர். அட்லாண்டிக் கடலில் உணவேற்றி வந்த கப்பல்கள் பல நீர்மூழ்கிகட்கு இரையாகாது தப்பியதற்கு அப்பகுதியாரின் உழைப்பு பெருங்காரணமாயிற்று.

அந்நிலையத்திற்குச் சதுரங்க வல்லுநர் பலர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பிரிட்டிஷ் சாம்பியனாக விளங்கிய ஹியூ அலெக்ஸாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பாரி, ஹாரி கோலம்பெக் ஆகிய மூவரும் 1939-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டுப் பியூனோஸ் ஐரிஸ் நகரில் நடந்த ஒலிம்பியாட் பந்தயத்தில் இங்கிலாந்தின் சார்பில் ஆடியவர்கள். இவர்கள் நடுவே டூரிங்கும் ஓய்வு வேளையில் ஆடுவார். வியப்பு யாதெனின், யந்திரச் சதுரங்கத்தின் தந்தையாகிய அவர், ஆட்டத்தில் மிக எளியவர்! கோலம்பெக் தம் அரசியை ஆட்டத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்து ஆடியும் அவரை வென்றுவிடுவார். தோல்வியைக் கண்டு டூரிங் நாணினாரல்லர். வல்லவன் ஒருவன் ஒரு காயை நகர்த்துமுன் அவன் உள்ளத்தே நிகழ்வது யாது? அதனை விதிகளாக எழுத இயலுமா? இயலுமாயின், அவ்விதிகளைப் பின்பற்றும் யந்திரமும் ஆடுமன்றோ? இவ்வினாக்களையே அவர் தம் இளைய தோழரோடு ஆராய்ந்து வந்தார்.

யந்திரத்தைச் சதுரங்கம் ஆடுவிக்கும் ஆசை அவருக்கு முன்னும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டிற் கெம்பலென் என்பார் காட்டிய துருக்கியப் பொம்மை, உள்ளே ஆளை ஒளித்து வைத்த மாயமேயாகும். டூரிங் பிறந்த 1912-ஆம் ஆண்டிலே, டோரஸ் கெவேதோ என்னும் ஸ்பானிய எஞ்சினீயர் மெய்யாகவே மின்சாரத்தால் ஆடும் பலகையைச் செய்தார். அதனால் அரசனும் யானையும் கொண்டு, தனித்து நிற்கும் எதிரியரசனை மடக்குதல் மட்டுமே இயலும். முழு ஆட்டத்திற்கும் விதிகளை வகுக்கத் துணிந்தவர் டூரிங்கே.

1948-ஆம் ஆண்டில் தம் நண்பராகிய சாம்பர்னௌன் என்பவரோடு கூடி அவர் அவ்விதிகளை வகுத்தார். இருவர் பெயரும் கலந்து அது டூரோசாம்ப் எனப்பட்டது. காலாளுக்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3½, யானைக்கு 5, அரசிக்கு 10 என்று காய்கட்கு மதிப்பு வைத்தார். தன் நகர்த்தல் ஒவ்வொன்றையும், அதற்கு எதிரி செய்யக்கூடிய மறுமொழி ஒவ்வொன்றையும் யந்திரம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெட்டும் காய்கள் இருப்பின், வெட்டெல்லாம் ஓய்ந்து ஆட்டம் அமைதியுறும்வரை தொடர்ந்து பார்த்தல் வேண்டும். அதன்பின் மதிப்புக்களைக் கூட்டி, சிறந்ததனைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கள் இயங்குதற்குள்ள இடமும், அரசனின் காவலும் சேர்த்து எண்ணப்பட்டன.

விதிகள் ஆயத்தம், அவற்றை ஏற்று ஆடும் யந்திரமோ ஆயத்தமில்லை. மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையிலிருந்த பெராண்டி கணிப்பொறியில் அவற்றைப் புகுத்த முயன்றும் அப்பணி முற்றுப்பெறவில்லை. ஆகவே 1952-ஆம் ஆண்டில் டூரிங் தாமே யந்திரமாக மாறினார்! தாளும் எழுதுகோலும் கொண்டு, விதிகள் கூறியவாறே கணக்கிட்டு, அலிக் கிளென்னி என்பவரோடு ஆடினார். ஒரு காயை நகர்த்த ஏறத்தாழ அரைமணி நேரம் சென்றது. 29-ஆம் நகர்த்தலில் அரசியை இழக்கும் நிலை வரவே, யந்திரத்தின் சார்பில் அவர் தோல்வியை ஒப்பினார். தோற்ற ஆட்டமாயினும், எழுதிய விதிகளைக்கொண்டு முழுச் சதுரங்கம் ஆடியதற்கு எஞ்சியுள்ள மிகப் பழைய சான்றுகளில் அஃது ஒன்று.

இனிக் கூறவேண்டியது துயரக் கதை. அதே 1952-ஆம் ஆண்டில், ஆடவன் ஒருவனோடு உறவு கொண்டார் என்னும் குற்றத்துக்காக டூரிங் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அக்காலத்து ஆங்கிலேயச் சட்டம் அதனைக் குற்றமெனக் கொண்டது. சிறைக்குப் பதிலாக உடலையும் மனத்தையும் நலிவிக்கும் மருந்தினை ஓராண்டு ஏற்குமாறு விதிக்கப்பட்டது. போர்க்காலத்தில் அவர் செய்த தொண்டு அரசாங்க இரகசியமாதலால், அவர் தம்மைக் காத்துக்கொள்ள அதனை எடுத்துரைக்கவும் இயலவில்லை. 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், நஞ்சினால் அவர் உயிர் நீங்கிற்று. அகவை 41. தற்கொலை என விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. தாயாரோ, இரசாயனச் சோதனையிடை நேர்ந்த விபத்தென்றே இறுதிவரை நம்பினார். போத்தனூரிற் பிறந்த அத்தாயார், 1959-ஆம் ஆண்டில் மகனின் சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். பிளெட்ச்லியின் இரகசியம் 1970-களில் வெளிப்பட்ட பின்னரே நாடு தன் கடனை உணர்ந்தது. 2009-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-ஆம் ஆண்டில் அரசியாரின் மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்பு வேண்டியவர் யார், வழங்க வேண்டியவர் யார் என்பதைப் படிப்போரே எண்ணிப் பார்ப்பாராக.

அவர் விதைத்த வித்தோ முளைத்து மரமாயிற்று. வீட்டில் வைத்து ஆடும் சதுரங்கக் கணிப்பொறி 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1997-ஆம் ஆண்டில் டீப் புளூ என்னும் யந்திரம், உலகச் சாம்பியனாகிய காஸ்பரோவை வென்றது. டூரிங்கின் நூற்றாண்டு விழா நிகழ்ந்த 2012-ஆம் ஆண்டில், அதே காஸ்பரோவ் டூரோசாம்ப் விதிகளோடு ஆடி 16 நகர்த்தல்களில் வென்று, முன்னோரை வணங்குவார்போல அதனைப் போற்றினார்.

நிற்க. இச்சரித்திரத்தை அறிந்த மாணவன் பலகை வாங்கக் கடைக்குச் செல்வானாயின் எதனை நோக்குதல் வேண்டும்? இக்காலத்துப் பலகைகள் பல வகையின. காயைக் கட்டத்தின்மீது அழுத்தினால் உணர்வன சில. காயின் அடியிலுள்ள காந்தத்தால் உணர்வன சில. எந்தக் காய் எக்கட்டத்தில் நிற்கின்றது என்பதனையே பிரித்தறிவன வேறு சில. விலை மிக்கவை இவையே. பலகைக்குள்ளேயே ஆடும் அறிவு அமைந்தனவும் உண்டு. கணிப்பொறியோடோ கைப்பேசியோடோ இணைத்தாலன்றி ஆடாதனவும் உண்டு. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

வலிமையைப்பற்றி மயங்க வேண்டா. இன்று மலிந்த விலைக்குக் கிடைக்கும் யந்திரமும் நம்மனோரை எளிதில் வெல்லும். நாள்தோறும் வெல்லும் எதிராளி கற்பிக்கும் ஆசிரியன் ஆகான். ஆதலின், தன் வலிமையை நம் நிலைக்கு இறக்கிக்கொள்ளும் பலகையையே நாடுக. தவறிய நகர்த்தலைத் திரும்பப் பெற விடுகின்றதா? ஆட்டம் முழுவதையும் நினைவில் வைத்துப் பின்னர் ஆராயத் தருகின்றதா? நாம் விரும்பிய நிலையில் காய்களை அடுக்கி, இறுதியாட்டங்களைப் பயில இடந்தருகின்றதா? இம்மூன்றும் உடைய எளிய பலகை, இவையில்லாத பெருவிலைப் பலகையினும் மாணவனுக்கு மேலானது. விளக்குகளின் அழகும் காய்கள் தாமே நகரும் வியப்பும் சில நாளில் பழகிப்போம்.

எப்பலகையை வாங்கினும், அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுதல் நலம். காயைத் தொடுமுன், ஏன் இதனை நகர்த்துகின்றேன் என்பதற்கு ஒரு வரி எழுதுக. யந்திரம் வேறு காட்டுமாயின், அதன் காரணத்தைத் தேடி அதனையும் எழுதுக. தாளும் எழுதுகோலும் கொண்டு டூரிங் செய்ததும் அதுவே.

ஆட்டத்தில் எளியவராயிருந்த ஒருவர், தாம் தோற்பது எதனால் என்று ஓயாது வினவியமையால், உலகச் சாம்பியனையும் வென்ற வித்தைக்கு வழிகாட்டியானார். அவரைப் போற்ற அவர் நாடு காலந்தாழ்த்தது. நம் வீட்டு மேசைமீது பலகையின் விளக்கு ஒளிரும்போதேனும், போத்தனூர்த் தாயின் அம்மகனை நாம் நன்றியோடு நினைவோமாக.