சாஸ்திரியின் உச்சரிப்பும் 50 காசும்

1936 டிசம்பரில் இந்திய அரசு மலாயாவுக்கு ஒருவரை அனுப்பியது. தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். வந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. புக்கிட் பெலிம்பிங் பக்கம் வளர்ந்த எனக்கு அவர் பெயர் அந்த அறிக்கையால்தான் தெரியும். உலகமோ அவரை ஆங்கில உச்சரிப்புக்காகவே நினைவில் வைத்திருக்கிறது.

1869இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்தவர் அல்லர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்துவிட்டு, 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்தித் தந்தவரும் இவர்தான். தம் பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு!

வெள்ளையர்கள் அவருக்கு வெள்ளி நாக்கு என்று பட்டம் சூட்டினார்கள். எனக்கு அது முழுப் பாராட்டாகத் தோன்றவில்லை. இந்தியன் இப்படிப் பேசுவானா என்ற வியப்பும் அதில் இருக்கிறது.

2010இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் லெவ்-ஆரி, கீசார் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தனர். எளிய பொது அறிவுத் தகவல்களை வெவ்வேறு உச்சரிப்பில் வாசிக்க வைத்தார்கள். பேசுபவர் பிறர் எழுதியதை வாசிக்கிறார், அவ்வளவுதான் என்று சொல்லியும்கூட, அந்நிய உச்சரிப்பில் கேட்ட தகவலைக் கேட்டவர்கள் குறைவாகவே நம்பினார்கள். காதுக்குச் சிரமமாக இருப்பதை மனம் பொய்யோ என்று சந்தேகிக்கிறது. ஆய்வின் நோக்கத்தைச் சொன்ன பிறகு, இலேசான உச்சரிப்பு மீதான சந்தேகம் விலகியது. அழுத்தமான உச்சரிப்பு மீதானது விலகவில்லை. வகுப்பில் படைப்பு செய்யும்போது நம் மலாயில் தமிழ் ஓசை எட்டிப் பார்த்தால் சில முகங்கள் மாறுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

சாஸ்திரிக்கு அந்தத் தடை இல்லை. 1922இல் அங்கு வாழும் இந்தியருக்கு உரிமை கேட்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சென்றார். எங்கும் கைதட்டல். ஆஸ்திரேலியா 1925இல் இந்தியருக்கு வாக்குரிமை தந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ 1947 வரை கிடைக்கவில்லை. 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தபோதும் வெள்ளையர்கள் திரண்டு வந்து கேட்டார்கள். இனச் சட்டங்கள் அப்படியே நின்றன. டர்பனில் அவர் முயற்சியால் எழுந்த சாஸ்திரி கல்லூரிதான் மிஞ்சியது.

மலாயாவில் நிலைமை தலைகீழ். தஞ்சாவூர்க்காரரான அவருக்குப் பால்மரம் வெட்டுபவர் பேச்சு புரிய மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. 1937இல் வெளிவந்த அறிக்கை, பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்ட நாட்கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழையபடி தரச் சொன்னது. கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்தச் சொன்னது. ஆனால் இந்தியாவிலிருந்து தொழிலாளர் வருவதைத் தடுக்கக் காரணம் இல்லை என்றும் முடித்தது. மலாயா இந்தியத் தலைவர்கள் ஏமாந்து போனார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கூலி உயர்ந்தது உண்மை. ரப்பர் விலை சரிந்ததும் 1938இல் மறுபடி குறைத்தார்கள். அதே ஆண்டு இந்திய அரசே தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள் தொழிலாளர்கள். கொடுமைக்கார அலுவலர்களை நீக்கித் தமிழ் பேசுபவர்களை நியமிக்கவும் கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சாஸ்திரி 1946 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.