துறைமுகக் குமாஸ்தாவும் வட்டமும்

கணிதமேதை இராமானுசன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1729 என்ற எண்ணும் அந்த டாக்சிக் கதையும்தான். அவற்றை விட்டுவிட்டு, கவராயமும் பென்சிலும் உள்ள பள்ளி மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் மண்ணூர்பேட்டையில் மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். அவர்கள் வீட்டுப்பாடத்தில் தவறாமல் வருவது கம்பிக் கணக்கு. 7 செ.மீ. ஆரமுள்ள வட்டமாக வளைந்த கம்பியைச் சதுரமாக மடக்கினால் பரப்பு என்ன? சுற்றளவு 44, ஆகவே பக்கம் 11. வட்டத்தின் பரப்பு 154 ச.செ.மீ.; சதுரத்துக்கோ 121தான். கம்பி அதேதானே, மீதி 33 எங்கே போயிற்று என்று பிள்ளைகள் திகைப்பார்கள். சரி, பரப்புக் குறையாத சதுரமே வேண்டுமென்றால்? பக்கம் 154-இன் வர்க்கமூலம், 12.4-க்குச் சற்று மேல். அதைக் கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு வரைய முடியுமா?

இக்கேள்வியோடு கிரேக்கர் காலந்தொட்டு அறிஞர்கள் மல்லாடினார்கள். நம் நாட்டுச் சுல்ப சூத்திரங்களிலும் வேள்வி மேடைகளுக்காக இதற்குத் தோராய முறைகள் உண்டு. கடைசியில் 1882-இல் ஜெர்மானியர் லிண்டெமன், துல்லியமாக வரைவது இயலவே இயலாது என்று நிறுவிக் கதவைச் சாத்தினார். எஞ்சியது, எவ்வளவு நெருங்கலாம் என்பதுதான்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், 1904-இல் அவ்வூர் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி, அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. தேர்வு விதிகளை நான் குறை கூறவில்லை. விதி இல்லாமல் கல்லூரி நடவாது. ஆனால் ஒரு பாடத்தில் தவறியவனை எதற்கும் உதவாதவன் என்று எண்ணும் பழக்கம் இன்றைய வகுப்பறைகளிலும் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909-இல் திருமணம் வேறு. காகிதம் வாங்கக் காசின்றிப் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் பொருளுதவி செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

மறு ஆண்டு, 1913-இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வட்டத்தைச் சதுரமாக்கல் குறித்து அவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு வெளிவந்தது. விட்டத்தின் ஒருபக்க ஆரத்தைப் பாதியாக்குகிறார். மறுபக்க ஆரத்தை மூன்றாகப் பிரிக்கிறார். பிறகு ஒரு செங்குத்துக் கோடு, சில நாண்கள், சில இணைகோடுகள், ஒரு தொடுகோடு. அவ்வளவே! கிடைக்கும் கோட்டின் மேல் சதுரம் வரைந்தால் அதன் பரப்பு, ஆரத்தின் வர்க்கத்தை 355/113 ஆல் பெருக்கிய அளவு. 22/7 இரண்டு தசமத்தோடு நின்றுவிடும். 355/113 ஆறு தசமம் வரை பிசகாது. இந்தப் பின்னம் ஐந்தாம் நூற்றாண்டுச் சீனரான சூ சோங்ஷி அறிந்ததே. அதைக் கவராயத்துக்குள் அடக்கிய சிக்கனம்தான் இராமானுசனுடையது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றால் சதுரத்தின் பக்கத்தில் பிழை ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று அவரே கணக்கிட்டுக் காட்டினார். அன்றைய சென்னை மாகாணத்தின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் சொந்த மாகாணத்தையே வட்டமாக்கிப் பார்த்தார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் ஆசை.

அவ்வாண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வையே திருப்பியது. மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். அவ்வாண்டு வெளியான கட்டுரையில், 8,000 மைல் விட்டமுள்ள வட்டத்துக்கும் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையே வரும் இன்னொரு வரைமுறையைத் தந்தார். நம் பூமியின் விட்டமே ஏறத்தாழ அவ்வளவுதான்!

1916-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காகவே பட்டம் வழங்கியது. அதற்கு ஆங்கிலத் தாளும் இல்லை, உடலியல் தாளும் இல்லை. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் நோயும் உடலை உருக்க, 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஜனவரியில் நோயோடு போராடியபடியே புதியதொரு வகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-இல், எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32.