கம்ப்யூட்டர் இல்லாமலே புரதத்துக்கு 'மேப்' போட்டவர்! விஞ்ஞானி ராமச்சந்திரன் கதை

காளப்பநாயக்கன்பட்டி:

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கு போகிறவர்கள் தாண்டிப் போகும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. முட்டைக்கு பேர் போன நாமக்கல் மாவட்டம் இது. கோழித் தீவனத்தில் தாது உப்புக் கலவை போடுவது இங்கே பலருக்கும் பழக்கம். அதில் துத்தநாகம், அதாவது 'சிங்க்' இருக்கும். அது குறைந்தால் முட்டை ஓடு சரியாக வராது.

ஏன் தெரியுமா? ஓடு உருவாக உதவும் ஒரு புரதம் கோழி உடம்பில் இருக்கிறது. அதன் நடுவில் ஒரே ஒரு துத்தநாக அணு. 'ஹிஸ்டிடின்' என்ற கண்ணிகள் 3 சேர்ந்து அதை பிடித்து வைத்திருக்கின்றன. அது நழுவினால் புரதம் வேலை செய்யாது. நம்ம ரத்தத்திலும் ஒரு புரதத்தில்தான் இரும்பு இருக்கிறது.

எந்த புரதத்தில் எந்த இடத்தில் உலோகம் உட்காரும் என்று இன்று கம்ப்யூட்டரே கணித்து சொல்கிறது. அந்த வேலைக்கு பின்னால் 1963-ல் சென்னையில் போட்ட ஒரு படம் இருக்கிறது. போட்டவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

திருச்சியில் படித்தவர்

1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பூர்வீகம் நெல்லை மாவட்டம் கோபாலசமுத்திரம். அப்பா கணக்கு பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார்.

1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் சேர்ந்தார். சர் சி.வி.ராமன் அவரை தன் பக்கம் இழுத்துக் கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். 1952-ல் சென்னை பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு தலைவர் ஆனபோது வயது 30 கூட நிரம்பவில்லை.

மூன்று புரி கயிறு

தோல், எலும்பு, தசைநாருக்கு பலம் தருவது 'கொலாஜன்' என்ற புரதம். அது எப்படி இருக்கும் என்று உலகமே தேடியது. மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் என்று 1954-ல் ராமச்சந்திரனும், கோபிநாத் கர்த்தாவும் அறிவித்தார்கள்.

ஆனால் அடி விழுந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக் தரப்பு குறை சொன்னது. அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது என்றார்கள்.

ராமச்சந்திரன் சோர்ந்து உட்காரவில்லை. அப்படின்னா எவ்வளவு நெருங்கலாம்? அதையே கணக்கு போட்டு பார்த்து விடுவோம் என்று இறங்கினார். கூட சசிசேகரன், ராமகிருஷ்ணன். கையில் சாதாரண கணக்கு மெஷின்தான்.

நம்ம முழங்கை பின்பக்கம் மடங்காது இல்லையா? புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணியும் சில கோணங்களில்தான் திரும்பும். மற்ற கோணத்தில் அணுவோடு அணு முட்டிக்கொள்ளும். திரும்பலாம், திரும்பக்கூடாது என்று பிரித்துக் காட்டும் அந்த படத்துக்கு பெயர்தான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. கொலாஜன் கயிறு விஷயத்திலும் அடிப்படை சரி என்றே பின்னால் நிலைத்தது.

உலோகத்துக்கு எங்கே இடம்?

சங்கிலி மடங்கும்போது தூரத்தில் இருந்த கண்ணிகள் பக்கத்தில் வரும். அங்கே உலோகம் உட்கார குழி உண்டாகும். துத்தநாகத்தை சுற்றி பெரும்பாலும் 4 பிடிகள் இருக்கும். இந்த தூரத்தையும், எண்ணிக்கையையும் தெரிந்த புரதங்களில் இருந்து கற்றுக்கொண்டு, தெரியாத புரதத்தில் கம்ப்யூட்டர் இடம் தேடுகிறது. ஆனால் புரதத்தின் வடிவமே தப்பாக இருந்தால் இடமும் தப்பாகும். வடிவம் சரியா என்று சோதிக்க இன்றும் ராமச்சந்திரன் படத்தைத்தான் எடுக்கிறார்கள்.

நோபல் வரவில்லை

1971-ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து இவர் தந்த கணக்கு முறை சி.டி. ஸ்கேனுக்கும் உதவியது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். கடைசி காலத்தில் நோய் வாட்டியது. 1998-ல் மனைவியும் போய்விட்டார். 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி சென்னையில் காலமானார்.

புரத வடிவத்தை கம்ப்யூட்டரில் கணித்தவர்களுக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. கையால் கணக்கு போட்டு முதலில் வழி காட்டிய நம்ம ஆளுக்கு கடைசி வரை அது கிடைக்கவே இல்லை.