எட்வர்டு லியர்

பிறரை நகைப்பிக்க வல்லார் யாவரும் தாமும் இன்பத்தில் திளைத்தவராவர் என்று நாம் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பிழைபட்டதென்பதை எட்வர்டு லியர் என்னும் ஆங்கிலப் பெரியாரின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

இவர் 1812-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இலண்டனை அடுத்த ஹாலோவேயில் பிறந்தார். தந்தையார் பொருளிழந்து குடும்பம் நொடித்தமையின், இவரினும் 21 ஆண்டு மூத்த தமக்கையார் ஆன் அம்மையாரே இவரைத் தாய்போற் பேணி வளர்த்தனர். இளமையிலேயே காக்கைவலிப்பு இவரைப் பற்றியது. அதனை வெளியிட நாணிய இவர், தம் நாட்குறிப்பில் மட்டும் குறியிட்டு வைத்து, பிறர் அறியாவண்ணம் வாழ்நாள் முழுதும் மறைத்தனர்.

பதினைந்து வயதளவில் படம் வரைந்து பிழைக்கத் தொடங்கினார். உயிருள்ள கிளிகளை நேரிற் கண்டு தீட்டி, 1830 முதல் 1832 வரை வெளியிட்ட 42 ஓவியங்கள் இவர்க்குப் புகழ் தந்தன. அதனால் டெர்பிப் பிரபுவின் நோஸ்லி மாளிகையில், அங்கு வளர்த்த விலங்குகளையும் பறவைகளையும் வரையும் பணி கிடைத்தது. அம்மாளிகைச் சிறார்க்கு விளையாட்டாக எழுதிய நகைச்சுவைப் பாக்கள், இவர் வரைந்த கோட்டுச் சித்திரங்களோடு 1846-இல் புனைபெயரால் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டிலேயே விக்டோரியா அரசியார்க்கும் இவர் ஓவியம் கற்பித்தனர்.

கண்ணொளி குன்றவே, நுண்ணிய பறவை ஓவியத்தை விடுத்து நிலக்காட்சிகளைத் தீட்டலானார். 1837-இல் உரோமாபுரி சென்றார். 1867-இல், நோயுற்றுக் கிடந்த நண்பர் மகளொருத்தியை மகிழ்விப்பான் வேண்டி, ஆந்தையும் பூனையும் படகேறிச் செல்லும் பாட்டினை இயற்றினார். வைசிராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பால் 1873-இல் நம் நாடு போந்து, மறுவாண்டில் மாமல்லபுரத்தையும் திருச்சிராப்பள்ளி மலையையும் கண்டு வரைந்தனர்.

மணஞ்செய்யாது தனித்தே வாழ்ந்த இவர், தம்மோடு பல்லாண்டு வாழ்ந்த பாஸ் என்னும் பூனையை 1887-இல் இழந்தார். 1888-ஆம் ஆண்டு ஜனவரி 29-இல் இத்தாலியிலுள்ள சான் ரெமோவில் உயிர் நீத்தார்.

அன்பர்காள்! இவர் ஆண்டாண்டாக முயன்று தீட்டிய நிலக்காட்சிகளை அறிந்தார் சிலரே. பிள்ளைகளின் பொருட்டுப் பொழுதுபோக்காகப் பாடியவற்றை அறிந்தாரோ பலர். நம் செயல்களுள் எது நிலைக்குமென நாம் அறியோம். தந்துயர் மறைத்துச் சிறார் முகத்திற் புன்னகை விளைத்த இவர்தம் பணி சிறிதன்று என்பது மட்டும் திண்ணம்.