எடிசனின் அம்மா எடுத்த முடிவு

டீச்சர் கொடுத்தனுப்பிய லெட்டரை எடிசனின் அம்மா மாற்றிப் படித்த கதை வாட்ஸ்அப்ல நம்ம எல்லாருக்கும் வந்திருக்கும். அது கட்டுக்கதை நண்பர்களே! எடிசனுக்கு உண்மை அப்பவே தெரியும்.

1847-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் பிறந்தார் எடிசன். ஏழு வயதில் குடும்பம் மிச்சிகனிலுள்ள போர்ட் ஹூரனுக்கு மாறியது. அங்கே பள்ளிக்குப் போனது சில மாதங்கள்தான். மூளை குழம்பிய பையன் என்று ஆசிரியர் சொன்னது அவர் காதிலேயே விழுந்ததாம். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மா நான்சி முன்பு டீச்சராக இருந்தவர். கோபமாகப் பள்ளிக்கே போய்ப் பேசினார். பிறகு மகனை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார். அவர் கொடுத்த ஒரு அறிவியல் புத்தகத்தில் இருந்த சோதனைகளை எல்லாம் எடிசன் செய்து பார்த்தார். வீட்டின் அடித்தளமே லேப் ஆனது. 12 வயதில் ரயிலில் பேப்பர் விற்கப் போனபோதும் சோதனைகளை விடவில்லை.

1871-ல் நான்சி இறந்துவிட்டார். ஃபோனோகிராஃப் வந்தது 1877-ல், பல்பு 1879-ல். எடிசன் வாங்கிய அமெரிக்கப் பேட்டன்ட்கள் மொத்தம் 1,093.

அந்தப் பல்பு எரிஞ்சதை அம்மா பார்க்கலை. ரிசல்ட் என்ன ஆகும்னு தெரியாமலேயே, மகனை நம்பி அவங்க எடுத்த முடிவு அது.