கண்டியில் கஞ்சி வார்த்த யோசப் வாஸ் அடிகளார்

இலங்கையின் முதலாவது புனிதராகப் போற்றப்படும் யோசப் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாவ்லிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676இல் குருவானார். இவரைப் போர்த்துக்கேயர் என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியை இழக்கும் மாணவர்கள் உண்டு. கோவாவை அப்போது போர்த்துக்கேயர் ஆண்டனர், அவ்வளவுதான். அடிகளார் கொங்கணி பேசும் இந்தியக் குடும்பத்தவர்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. எனவே 1687இல் அடிகளார் கூலியாளைப் போல உடுத்தி யாழ்ப்பாணம் வந்தார். வந்த உடனேயே கடும் வயிற்றுளைவு கண்டது. தொற்றிவிடும் என்று அஞ்சி ஊரார் அவரை ஒதுக்கினர். ஒரு பெண் நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் அவர் உயிர் பிழைத்தார் என அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இந்தக் கஞ்சியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதால் 1690இல் கண்டி இராச்சியத்திற்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். 1692இல் கண்டி நகரை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிட்டான். சிறையிருந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை, சிங்களம் கற்றார். நாளடைவில் மன்னனின் சந்தேகம் நீங்கியது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அம்மைப்பால் குத்தும் முறையை எட்வர்ட் ஜென்னர் கண்டறிந்தது 1796இல். அதாவது இன்னும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்தே. ஆகவே நோய் கண்டவரைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதே அன்றைய வழக்கமாக இருந்தது. மன்னனும் பிரதானிகளும்கூட நகரை விட்டு நீங்கினர். கைவிடப்பட்டவர்களிற் பலரை நோயைவிடப் பசியும் தாகமுமே விரைவில் கொன்றிருக்கும். தாய்க்கு அம்மை கண்ட வீட்டில் அடுப்பு எரியாது. நோயில்லாத பிள்ளையும் அங்கே பட்டினிதான்.

அடிகளார் நகரை விட்டுப் போகவில்லை. தம் மருமகனான யோசப் கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து நோயாளருக்குக் குடிசைகள் அமைத்தார். உணவும் நீரும் கொண்டுசென்று ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. அவரிடம் மருந்து இருக்கவில்லை. ஆயினும் எழுந்து நடக்க முடியாதவருக்கு வேளைக்கு வேளை கஞ்சியும் தண்ணீரும் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. யாழ்ப்பாணத்தில் அதை அவர் தம் உடம்பிலேயே கண்டிருந்தார்.

இப்பணியைக் கண்ட மன்னன், இராச்சியம் எங்கும் தடையின்றிச் சமயப் பணியாற்ற அவருக்கு இடமளித்தான். பௌத்த மன்னன் ஒருவன் இவ்வாறு செய்ததைக் கட்டுரை வினாவில் விடாது குறிப்பிடுக. 1705இல் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து இணைந்தார். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியவர் இவரே.

யோசப் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியிற் காலமானார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இலும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இலும் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முறையே அருளாளராகவும் புனிதராகவும் அறிவித்தனர். கண்டியில் அவர் அடக்கஞ் செய்யப்பட்ட சரியான இடம் இன்று எவருக்கும் தெரியாது.